அழிந்தது படமா, பட்டியலா?

கேள்வி: ஏலாக்குறிச்சியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை, அடைக்கல மாதா கோயில் தேர், பக்கத்தில் திருமழபாடி நந்தி கல்யாணம் என்று மூன்று வருடமாக எடுத்த படங்கள் எல்லாம் ஒரே ஒரு 1 டி.பி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. போன வாரம் கஸ்டமருக்குக் கொடுக்க வேண்டிய பென் டிரைவை ஃபார்மட் செய்யப் போய், அவசரத்தில் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டேன். சில நொடிகளில் முடிந்துவிட்டது. அது தெரியாமல் என் மகன் காலி டிஸ்க் என்று நினைத்து ஒரு சினிமாவை அதில் ஏற்றிவிட்டான், 4 ஜி.பி. இருக்கும். பிறகுதான் கவனித்தேன்.

அதில் வைகாசியில் எடுத்த ஒரு கல்யாணமும் இருக்கிறது. ஆல்பம் இன்னும் கொடுக்கவில்லை. நண்பர் ஒருவர் 'செக் டிஸ்க்' போடு என்கிறார். இன்னொருவர் டிஸ்க்கைப் பாலித்தீன் பையில் சுற்றி ஃபிரிட்ஜில் வை என்கிறார். ஒரு கடையில் முன்பணம் கட்டினால் எல்லாவற்றையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். படங்கள் திரும்பக் கிடைக்குமா? எந்த சாஃப்ட்வேர் நல்லது? அந்தக் கல்யாண வீட்டாரிடம் நான் என்ன சொல்வது?

— ஒரு வாசகர், ஏலாக்குறிச்சி, அரியலூர் மாவட்டம்

பதில்: டிஸ்க் இன்னும் கம்ப்யூட்டரில் செருகியிருந்தால் முதலில் கழற்றிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். ஏறிய சினிமாவை அழிக்க வேண்டாம், அப்படியே கிடக்கட்டும். அதை அழித்தால் போன படம் திரும்ப வராது, டிஸ்க்கில் இன்னொரு எழுத்து வேலைதான் நடக்கும். விண்டோஸ் சும்மா இருக்கிற பிறவி அல்ல. நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் தேடல் பட்டியல் போடும், ரீசைக்கிள் பின் ஃபோல்டர் உண்டாக்கும், ஆன்டிவைரஸ் உள்ளே நுழைந்து பார்க்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் எழுதும்.

சில நொடிகளில் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான். அப்படியானால் நீங்கள் செய்தது குவிக் ஃபார்மட். அது டிஸ்க்கில் எந்தப் படத்தையும் தொடுவதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதிதாகத் தொடங்குகிறது. ஃபார்மட் பெட்டியில் 'குவிக்' என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டுச் செய்திருந்தால் கதையே வேறு. விண்டோஸ் விஸ்டா வந்த காலத்திலிருந்து முழு ஃபார்மட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதிவிட்டுத்தான் ஓயும். 1 டி.பி.க்கு அது மணிக்கணக்கில் ஓடியிருக்கும். அப்படி ஓடி முடிந்த டிஸ்க்கிலிருந்து யாராலும் எதையும் எடுக்க முடியாது.

பட்டியல் எப்படிப் போனது என்பது டிஸ்க் எந்த முறையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. என்டிஎஃப்எஸ் என்றால் ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர், தேதி, இருக்குமிடம் எல்லாம் சேர்ந்த பதிவு ஒன்று இருக்கும். குவிக் ஃபார்மட் புதிய பட்டியலைத் தொடங்கும்போது பழைய பதிவுகளில் முதல் சிலவற்றின் மேல்தான் எழுதும், மற்றவை அடியில் அப்படியே இருக்கும். அதனால் ஃபோல்டர் பெயரோடு திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு. எக்ஸ்ஃபேட் என்றால் மேல்மட்ட ஃபோல்டர்களின் பெயர் போய்விடும், உள்ளே இருக்கும் ஃபோல்டர்களின் பட்டியல் பெரும்பாலும் தப்பிக்கும்.

இனி உங்கள் மகன் ஏற்றிய சினிமா. விண்டோஸில் 931 ஜி.பி. என்று காட்டும் டிஸ்க்கில் 4 ஜி.பி. என்பது அரை சதவீதம்கூட இல்லை. பையனைத் திட்டியிருந்தால் போய்ச் சமாதானம் செய்யுங்கள். ஆனால் அந்த 4 ஜி.பி. இடத்தில் எது இருந்ததோ அது போனது போனதுதான். ஃபார்மட் செய்த டிஸ்க்கில் புதிதாக எழுதுவது பெரும்பாலும் முன்பகுதியில்தான் விழும். அங்கே இருந்தது உங்கள் பழைய வேலைகளாக இருக்கலாம், வைகாசிக் கல்யாணம் பின்னால் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நல்லவேளை, ஏறியது ஒரே பெரிய ஃபைல். சின்னச் சின்னதாக ஐயாயிரம் பாட்டு ஏற்றியிருந்தால் ஒவ்வொரு பாட்டும் பட்டியலில் ஒரு பழைய பதிவின் மேல் உட்கார்ந்திருக்கும். படம் இருக்கும், பெயரும் ஃபோல்டரும் தெரியாமல் போயிருக்கும்.

மேலெழுதி அழிந்ததையும் விசேஷக் கருவி வைத்துப் படிக்கலாம் என்று கடைக்காரர்கள் சிலர் சொல்வார்கள். 1996இல் பீட்டர் குட்மன் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய நம்பிக்கை அது. முழுதாக அழிக்க 35 முறை மேலெழுத வேண்டும் என்ற பேச்சும் அங்கிருந்துதான் வந்தது. அவர் பேசியது அந்தக் காலத்து டிஸ்க்குகளை மனதில் வைத்து. இன்றைய டிஸ்க்கில் ஒருமுறை மேலெழுதினால் போதும், பழையது இல்லை.

இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சிதறியது. நம் கல்பனா சாவ்லா அதில்தான் போனார். சிதறி விழுந்த பொருள்களில் ஒரு ஹார்ட் டிஸ்க் சுமார் ஆறு மாதம் கழித்து டெக்சாஸில் வற்றிய ஏரிப் படுகையில் கிடைத்தது. செனான் வாயுவை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையின் அளவீடுகள் அதில் இருந்தன. கருகி, உருகி, உலோகக் கட்டியாகக் கிடந்த அதிலிருந்து கிரோல் ஆன்ட்ராக் நிறுவனம் 99 சதவீதத்தை மீட்டது. 2008இல் ஆய்வு முடிவே வெளியானது. வானத்திலிருந்து எரிந்து விழுந்த டிஸ்க்கிலிருந்து எடுக்கலாம், சினிமா ஏறிய இடத்திலிருந்து எடுக்க முடியாது. தொழில் தெரிந்தவர்கள் முதலில் "எவ்வளவு அடிபட்டது?" என்று கேட்பதில்லை, "பிறகு ஏதாவது எழுதினீர்களா?" என்றுதான் கேட்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களைக் கொஞ்சம் பயமுறுத்த வேண்டியிருக்கிறது. 1 டி.பி.யும் அதற்கு மேலும் உள்ள கையடக்க டிஸ்க்குகள் பலவற்றில் இப்போது எஸ்எம்ஆர் என்ற முறை வருகிறது. கூரையில் ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வேய்வதுபோல் தடங்களை ஏற்றி எழுதுவார்கள், குறைந்த இடத்தில் நிறைய அடங்கும். இதில் சில மாடல்கள் எஸ்எஸ்டியைப்போல 'டிரிம்' என்ற கட்டளையை ஏற்கும். ஃபார்மட் செய்ததுமே "இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் சொல்லிவிடும், டிஸ்க்கும் அதன்பின் அந்த இடத்தைக் கேட்டால் பூஜ்யத்தைத்தான் கொடுக்கும். லேப்டாப்பில் இருக்கும் எஸ்எஸ்டியில் அழித்தது பெரும்பாலும் திரும்பாததற்கும் இதுதான் காரணம். உங்கள் டிஸ்க் அப்படிப்பட்டதா என்று லேபிளில் உள்ள மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். மீட்பு சாஃப்ட்வேர் டிஸ்க் முழுதும் தேடிவிட்டு அந்தச் சினிமாவைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சொன்னாலும் சந்தேகம் வர வேண்டும். அந்த நிலையில் வீட்டு முயற்சியை அங்கேயே நிறுத்துங்கள். கரண்ட் இருந்தால் டிஸ்க் தானாகவே உள்ளே ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும். பிசி-3000 போன்ற கருவி உள்ள லேப்களால் சில மாடல்களில் அந்தப் பூஜ்யத்துக்கு அடியில் இருப்பதை எடுக்க முடிகிறது.

சாதாரண டிஸ்க்தான், சத்தமில்லாமல் சுற்றுகிறது என்றால் வேலையை வீட்டிலேயே பார்க்கலாம். அதற்குப் பழையதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க் வேண்டும். செலவுதான், வேறு வழியில்லை. முதலில் பழைய டிஸ்க்கை முழுதாக ஒரு இமேஜ், அதாவது காலி இடம் உட்பட அச்சு அசலான பிரதி, எடுத்துப் புதிய டிஸ்க்கில் வைத்துவிடுங்கள். பிறகு தேடல் எல்லாம் அந்த இமேஜில்தான், மூல டிஸ்க் அலமாரியில் இருக்கட்டும். டிஎம்டிஇ, ஆர்-ஸ்டுடியோ போன்ற சாஃப்ட்வேர்களிலேயே இமேஜ் எடுக்கும் வசதி இருக்கிறது. லினக்ஸ் பழக்கம் இருந்தால் டிடிரெஸ்க்யூ இலவசம், கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் அதில் எது மூலம், எது சேருமிடம் என்று மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கை எடுத்துப் படங்களின் மேல் கொட்டிவிடும். போன வாரம் ஏற்கெனவே ஒரு தடவை டிரைவ் மாறியிருக்கிறது, எண்டர் தட்டும்முன் இரண்டு பேர் பாருங்கள். நல்ல யு.எஸ்.பி. 3 போர்ட்டில் நொடிக்கு 100 எம்.பி. வந்தால் 1 டி.பி.க்கு மூன்று மணி நேரம் ஆகும். பழைய யு.எஸ்.பி. 2 என்றால் ஒன்பது, பத்து மணி நேரம்.

எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசைதான் முக்கியம். முதலில் பழைய பட்டியலைத் தேடிப் படிக்கும் வகை, அதாவது மேலே சொன்ன டிஎம்டிஇ, ஆர்-ஸ்டுடியோ போன்றவை. காசு கட்டும்முன்பே எந்தெந்த ஃபோல்டர் தெரிகிறது என்று காட்டிவிடும். அங்கே வைகாசிக் கல்யாண ஃபோல்டர் பெயரோடு தெரிந்தால் பாதிக் கவலை விட்டது. ஆனால் பெயர் தெரிவதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நாலைந்து படத்தைத் திறந்து முழு அளவில் பாருங்கள். பெயர் சரியாக இருக்கும், படம் பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக இருக்கும், அப்படியும் வருவதுண்டு. ரெகுவா பிரபலம்தான், ஒன்றிரண்டு ஃபைல் அழித்ததற்கு நல்லது. ஃபார்மட் செய்த டிஸ்க்குக்கு நான் அதை முதலில் எடுக்க மாட்டேன். கிராக் செய்த பதிப்பை டெலிகிராமில் தேடி இறக்காதீர்கள், அதோடு வைரஸ் வந்தால் இருக்கிற படங்களும் போகும்.

பட்டியல் கிடைக்காவிட்டால் இரண்டாவது வகை. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் இதில் பெயர் வாங்கியது, முழுக்க இலவசம். அது பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக் படங்கள் எல்லாம் ஒரே மாதிரியான தொடக்கக் குறியோடுதான் ஆரம்பிக்கும், கேனன், நிக்கான் ரா ஃபைல்களுக்கும் போட்டோஷாப் ஃபைலுக்கும் தனித்தனிக் குறி உண்டு. டிஸ்க்கின் முதலிலிருந்து கடைசிவரை அந்தக் குறிகளைத் தேடிப்போய் ஃபைலை வெட்டி எடுக்கும். பெயர் எல்லாம் போய், எஃப் என்ற எழுத்தும் நீளமான எண்ணுமாக ஆயிரக்கணக்கில் வந்து விழும். காதுகுத்தும் தேரும் கல்யாணமும் கலந்து கிடக்கும். மலைக்க வேண்டாம். கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம், எந்த கேமரா என்று எழுதி வைத்திருக்கிறது. எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி அந்தத் தேதியை வைத்து ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்துக் கொடுத்துவிடும். முகூர்த்த நாள் உங்களுக்குத் தெரியும், அந்த ஒரு தேதியை எடுத்தால் போதும்.

வீடியோவுக்கு இவ்வளவு நம்பிக்கை தர மாட்டேன். பெரிய ஃபைல்கள் டிஸ்க்கில் துண்டு துண்டாக இருக்கலாம், பட்டியல் இல்லாமல் அந்தத் துண்டுகளைக் கோர்ப்பது கஷ்டம். கேமரா எம்பி4 ஃபைலில் படத்தை எப்படி ஓட்ட வேண்டும் என்ற குறிப்பு ஒரு தனித் துண்டாக இருக்கும், அது கிடைக்காவிட்டால் ஃபைல் பெரிதாக இருக்கும், ஓடாது. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அதைச் சரிசெய்யும் கருவிகள் உண்டு.

ஆனால் இதையெல்லாம் தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கி டிஸ்க்குக்கு வெளியே தேடுங்கள். பெரிய பெரிய இடங்களில் தரவு தொலைந்து கிடைத்த கதைகள் சிலவற்றில் அது டிஸ்க்கிலிருந்து கிடைக்கவில்லை. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் ஃபைல்கள் மளமளவென்று அழிந்தன. பேக்கப் டேப்பைப் போட்டால் அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்தார், அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. போர்வை சுற்றி காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். 2006 ஜூலையில் அமெரிக்காவின் அலாஸ்கா மாநில வருவாய்த் துறையில் ஒருவர் டிஸ்க் ஒன்றை ஃபார்மட் செய்தபோது, எண்ணெய் வருமானப் பங்குக்கு மக்கள் கொடுத்த விண்ணப்பங்கள் அழிந்தன. கையோடு பேக்கப் டிஸ்க்கையும் ஃபார்மட் செய்துவிட்டார். டேப்பும் படிக்கவில்லை. கடைசியில் கிடங்கில் இருந்த சுமார் 300 அட்டைப் பெட்டிகளைத் திறந்து, சுமார் 8 லட்சம் பக்கப் படங்களை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். 2 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. உங்கள் ஊருக்குப் பெருமையான வீரமாமுனிவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1726இல் எழுதி முடித்த தேம்பாவணி புதுச்சேரியில் அச்சேறியது 1850களில். இடையில் அதைக் காப்பாற்றியது பிரதி எடுத்து வைத்திருந்தவர்கள்தான்.

உங்கள் விஷயத்தில் அந்தப் பிரதி முதலில் மெமரி கார்டில் இருக்கும். வைகாசிக் கல்யாணத்துக்குப் போட்ட கார்டுகள் எவை? அதன்பின் எத்தனை நிகழ்ச்சிக்குப் போட்டீர்கள்? கேமராவில் 'ஃபார்மட்' கொடுத்தாலும் பெரும்பாலான கேமராக்கள் பட்டியலைத்தான் துடைக்கும். 64 ஜி.பி. கார்டில் அடுத்த நிகழ்ச்சிக்கு 20 ஜி.பி.தான் எடுத்தீர்கள் என்றால், மீதி இடத்தில் பழைய படங்கள் இன்னும் இருக்கலாம். அந்தக் கார்டுகளை இன்றே தனியாக எடுத்து வையுங்கள், அடுத்த ஆர்டருக்குப் புதுக் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே ஃபோட்டோரெக் கார்டிலும் வேலை செய்யும். பிறகு ஆல்பம் டிசைன் செய்பவருக்கு ஃபைல் அனுப்பினீர்களா, வீடியோ எடிட் வெளியே கொடுத்தீர்களா, உதவிக்கு வந்த கேண்டிட் போட்டோகிராபர் தன் கார்டைத் தன்னிடமே வைத்திருக்கிறாரா, படம் தேர்வு செய்ய மாப்பிள்ளை வீட்டுக்குப் பென் டிரைவ் போனதா என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். பழைய வேலைகளின் கரிஷ்மா ஆல்பப் பக்கங்கள் பிரிண்ட் போட்ட லேபில் கிடக்கலாம்.

கல்யாண வீட்டாரிடம் என்ன சொல்வது? என் கருத்து, கார்டையும் மற்றவர்களையும் விசாரித்து முடித்ததும், இமேஜ் எடுக்கும் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். ஆல்பம் கேட்டு அவர்கள் நாலாவது முறை போன் செய்யும்வரை இழுத்தால் கோபம் இரட்டிப்பாகும். "டிஸ்க்கில் கோளாறு" என்று பூசி மெழுக வேண்டாம். மாறி ஃபார்மட் ஆகிவிட்டது, மீட்கும் வேலை நடக்கிறது, இன்ன தேதிக்குள் எது கிடைத்தது என்று காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். எல்லாம் கிடைத்துவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். சொந்தக்காரர்கள் மொபைலில் எடுத்த படங்களைச் சேகரித்துத் தரும்படி அப்போதே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றி எத்தனை மொபைல் நின்றது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அன்றைக்கு மறைக்கிறார்கள் என்று எரிச்சல்பட்டிருப்பீர்கள்.

நண்பர்கள் சொன்ன இரண்டு வைத்தியமும் வேண்டாம். செக் டிஸ்க் என்பது டிஸ்க்கைச் சரிசெய்யும் கருவி, ஃபைலை மீட்கும் கருவி அல்ல. புதிய பட்டியலுக்கு ஏற்றபடி எழுதித் திருத்தப் பார்க்கும், எழுதினாலே நமக்கு நஷ்டம். ஃபிரிட்ஜ் வைத்தியம் பழைய காலத்தில் சிக்கிக்கொண்ட டிஸ்க்குகளுக்குச் சிலர் செய்தது. உங்கள் டிஸ்க் சிக்கவே இல்லை. வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் பூக்கும், தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் பறக்கும் ஹெட்டுக்கு ஒரு துளி ஈரமே போதும்.

கடை விஷயம். டிஸ்க் 'டிக் டிக்' என்று அடித்தாலோ, சுற்றி நின்றாலோ, அந்த எஸ்எம்ஆர் சந்தேகம் இருந்தாலோ லேபுக்குத்தான் போக வேண்டும். மற்றபடி முன்பணம் கேட்கும் கடைக்கு அவசரப்பட்டு ஓட வேண்டாம். போனால், கிடைக்கும் ஃபைல்களின் பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணமா, எதுவும் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, மேசையில் சாதாரணமாகத் திறப்பார்களா, தூசியில்லாத அறை இருக்கிறதா என்று கேளுங்கள். "போர்டு மாற்றினால் போதும்" என்று சொல்கிறவரிடமிருந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இன்றைய டிஸ்க்கின் போர்டில் அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பதிந்திருக்கும், வேறொன்றின் போர்டு அப்படியே பொருந்தாது. பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் டிஸ்க்கை வேறு கேபிளில் மாட்டுகிறேன் என்றாலும் விடாதீர்கள். சில கம்பெனி டிஸ்க்குகளில் நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் அந்தப் பெட்டியின் சிப்தான் தரவைப் பூட்டி எழுதுகிறது. கல்யாண வீட்டுப் பெண்களின் படங்கள் உள்ளே இருக்கின்றன. ஆகவே மீட்டதைக் கொடுத்த பிறகு தங்களிடம் உள்ள பிரதியை அழித்துவிடுவதாக எழுதி வாங்குங்கள். கொடுக்கும் ரசீதில் டிஸ்க்கின் சீரியல் எண் இருக்கட்டும். பஸ்ஸில் போகிறீர்கள் என்றால் ஸ்பாஞ்ச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கென்று வந்த கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள்.